'மீண்டும் தொடங்கு' என்பதற்கு ஆங்கிலத்தில் எந்த வினைச்சொல்லை எங்கே பயன்படுத்துவது?

ரிவைவ், ரிஸ்யூம், ரீஸ்டார்ட், ரிசஸிடேட், ரெசரெக்ட், ரீகிண்டில் என்று ஒரு படையே இருக்கிறது, அகராதியோ எல்லாவற்றுக்கும் 'மீண்டும் தொடங்கு', 'உயிர்ப்பி' என்றே மாற்றி மாற்றிச் சொல்கிறது, நின்றுபோன பத்திரிகையை மீண்டும் கொண்டுவருவதற்கு எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அகராதியைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். அந்தக் காரியம் அதுவரை எந்த நிலையில் கிடந்தது என்று பாருங்கள். சும்மா நின்றிருந்ததா, மயங்கிக் கிடந்ததா, செத்தே போயிருந்ததா? அதைப் பொறுத்துத்தான் சொல்.

அதிகம் குழப்புவது ரிஸ்யூமும் ரீஸ்டார்ட்டும். பட்டவன் சொல்கிறேன். மூன்று மாதம் நின்றிருந்த ஒரு மொழிபெயர்ப்பு வேலையைத் தொடரலாம் என்று சொல்ல நினைத்து, 'ரீஸ்டார்ட் செய்வோம்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். வேலை கொடுத்தவர் முடித்து வைத்திருந்த 40 பக்கங்களையும் கழித்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து புதிய கால அட்டவணை அனுப்பிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. பெரிய கோப்பு ஒன்று பாதியில் நின்றால், ரிஸ்யூம் பொத்தான் விட்ட இடத்திலிருந்து இறக்கும். ரீஸ்டார்ட் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடும். லத்தீனில் 'சூமெரே' என்றால் எடுத்தல். கீழே வைத்ததை மறுபடி கையில் எடுப்பதுதான் ரிஸ்யூம். அதனுடன் 'அகெயின்' சேர்த்து எழுதுகிறவர்கள் உண்டு; 'கேட்டுக் கதவு' போலத்தான் அதுவும். 'ரிஸ்யூம் டு வொர்க்' என்பதும் தவறு; 'ரிஸ்யூம் வொர்க்' அல்லது 'ரிஸ்யூம் வொர்க்கிங்' என்று எழுதுங்கள்.

அடுத்து, உயிர் சம்பந்தப்பட்ட மூன்று. ரிவைவில் இருப்பது 'வீவெரே', அதாவது வாழ்தல். மயங்கி விழுந்தவரைத் தெளிவிப்பதும், வழக்கொழிந்த கலைக்குப் புத்துயிர் ஊட்டுவதும் ரிவைவ்தான். வாடியது தளிர்க்கிறது, அவ்வளவே. ரிசஸிடேட் அதைவிட அவசரமானது. மூச்சோ இதயத் துடிப்போ நின்றவரின் மார்பை அழுத்தி மீட்பது. அந்த முதலுதவியைச் சொல்லும் சி.பி.ஆர். என்பதில் கடைசி எழுத்து அதன் பெயர்ச்சொல்லான ரிசஸிடேஷன்தான். ரெசரெக்ட் செத்ததை எழுப்புவது. உயிர்த்தெழுதலைக் குறிக்கும் பெயர்ச்சொல் முதலில் வந்தது. அதிலிருந்து இந்த வினையை வெட்டி எடுத்தது 18ஆம் நூற்றாண்டில்தான். எல்லாரும் கைகழுவிய திட்டத்தைத் தூசி தட்டி எடுக்கும்போது இதைச் சொன்னால் லேசான கிண்டலும் சேர்ந்து வரும். போன வாரம் தள்ளிப்போட்ட கூட்டத்துக்கு இதைப் போட்டால் சிரிப்பார்கள்.

எனக்குப் பிடித்தது ரீகிண்டில். கிண்டில் என்றால் தீ மூட்டுதல். அணைந்ததுபோல் தோன்றினாலும் சாம்பலுக்கு அடியில் கனல் இருக்க வேண்டும். அதனால் நட்பு, காதல், நம்பிக்கை, ஆர்வம் ஆகியவற்றோடுதான் நன்றாகப் பொருந்தும். பழைய சர்ச்சையோடும் வரும். நம் 'கிண்டிவிடுதல்' நினைவுக்கு வருகிறது அல்லவா? தற்செயல்தான். ஆங்கிலச் சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஆனால் நினைவில் நிறுத்த உதவும்.

மற்றவற்றில் சிக்கல் இல்லை. காலாவதியாகும் உரிமத்துக்கு ரின்யூ, வேலையிலிருந்து நீக்கியவரை மீண்டும் அதே பதவியில் அமர்த்த ரீஇன்ஸ்டேட், கணினிக்கு ரீபூட்.

இனி உங்கள் பத்திரிகை. அச்சகத்தில் ஏதோ கோளாறு, இரண்டு இதழ் வரவில்லை என்றால் ரிஸ்யூம். விற்பனை படுத்துவிட்டது, ஆசிரியரை மாற்றித் தூக்கி நிறுத்துகிறீர்கள் என்றால் ரிவைவ். மூடிப் பல ஆண்டுகளாகி, பெயரே மறந்துபோயிருந்தால் ரெசரெக்ட். அட்டை, வடிவமைப்பு எல்லாம் புதிது, விழா வைத்து வெளியிடுகிறீர்கள் என்றால் ரீலாஞ்ச். ரீகிண்டிலைப் பத்திரிகைக்குப் போடாதீர்கள். அதை வாசகரின் ஆர்வத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.