பார்வை ரொம்ப கம்மியா இருக்கறவங்க பேப்பர் மாடல் செய்யறத ஹாபியா எடுத்துக்க முடியுமா?

தாராளமா முடியும். கேள்வி கேட்டவர் தனக்கு ரெண்டு கண்ணுலயும் நடுப்பார்வை மங்கிடுச்சு, கண்ணாடி போட்டும் சரியாகல, சின்ன வயசுல அட்டைல வீடு வண்டி எல்லாம் செஞ்ச ஆசை இப்ப திரும்ப வந்திருக்கு, ஆரம்பிக்கலாமா வேண்டாமான்னு கேட்டிருக்கார். எனக்கும் ஸ்டார்கார்ட், அதாவது விழித்திரைல நடு பாகம் தேஞ்சு போற பரம்பரை வியாதி, காலேஜ் படிக்கும்போது கண்டுபிடிச்சாங்க. நேரா பாத்தா ஒரு மங்கலான திட்டு, ஓரத்துல தான் பார்வை. அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு தான் பேப்பர் மாடல் செய்யறேன், அதனால எனக்கு தெரிஞ்சத விவரமா சொல்றேன்.

முதல்ல ஒரு பெரிய சாதகம். பிளாஸ்டிக் கிட் வாங்கினீங்கன்னா பார்ட்ஸ் சைஸ் அச்சுல வார்த்தது தான், அரிசி சைஸ்ல ஒரு பார்ட் இருந்தா அதோட தான் மல்லுக்கட்டணும். பேப்பர் மாடல்னா பார்ட்ஸ பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, வெட்டி, மடிச்சு ஒட்டறது, டிசைன் பெரும்பாலும் பிடிஎஃப், எந்த சைஸ்ல வேணும்னு முடிவு பண்றது நீங்க. ஏ4 ஷீட்ட ஏ3ல அடிச்சா 141 சதவீதம் ஆயிடும், 5 மில்லிமீட்டர் ஒட்டு மடிப்பு, அதாவது பசை தடவற ஓரம், 7 மில்லிமீட்டர் ஆகும், விரல்ல பிடிக்கறதுக்கும் பிடிக்க முடியாததுக்கும் உள்ள வித்தியாசமே அந்த 2 மில்லிமீட்டர் தான். ஆனா சைஸ ஏத்தினா பேப்பரையும் கனமாக்கணும், இல்லன்னா மாடல் தொளதொளன்னு நிக்கும். ஏ4க்கு 160 ஜிஎஸ்எம் (பேப்பர் கனத்தோட அளவு) சொல்லியிருந்தா ஏ3க்கு 200லருந்து 250 வரைக்கும் போங்க, பிரிண்ட் கடைல ஐவரி போர்டுன்னு கேட்டா குடுப்பாங்க. உள்ள எலும்புக்கூடு மாதிரி அட்டைல ஸ்லாட் வெட்டி மாட்டற மாடலா இருந்தா அந்த ஸ்லாட்டும் அகலமாயிடும், 1 மில்லிமீட்டர் அட்டைக்கு போட்ட ஸ்லாட் 1.4 ஆயிடும், அதுக்கேத்த தடிமன்ல அட்டை போடலன்னா ஆடும்.

ஆனா இந்த பெருசாக்கற ஐடியா எல்லாருக்கும் பொருந்தாது, இதை அழுத்தி சொல்றேன். என்னை மாதிரி, உங்களை மாதிரி நடுப்பார்வை போனவங்களுக்கு பெருசு நல்லது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா இல்ல முத்தின கிளாக்கோமா இருந்து பார்வை குழாய் வழியா பாக்கற மாதிரி சுருங்கிப் போனவங்களுக்கு பெருசாக்கினா பார்ட் பார்வை வட்டத்தையே தாண்டிடும், அவங்களுக்கு ஒரிஜினல் சைஸே வசதி, நல்ல வெளிச்சமும் டேபிள் மேல எது எங்க இருக்குங்கற ஒழுங்கும் தான் முக்கியம். ஒரே கண்ணுல பாக்கறவங்களுக்கு ஆழம் கணிக்கறது கஷ்டம், அதனால பிளேடு முனைய முதல்ல பேப்பர்ல தொட்டு உணர்ந்துட்டு அப்புறம் இழுக்கணும். தனக்கு எந்த வகைன்னு சரியா தெரியாதவங்க ஒரு லோ விஷன் கிளினிக், அதாவது கண்ணாடி போட்டும் சரியாகாத பார்வைக்கு உதவற இடம், போய் பாத்துட்டு வாங்க, மதுரை அரவிந்த்லயும் சென்னை சங்கர நேத்ராலயாவுலயும் அதுக்குன்னே தனி பிரிவு இருக்கு. மங்கல் திட்டுக்கு பக்கத்துல எந்த இடத்த வச்சு பாத்தா தெளிவா தெரியுதுன்னு அங்க பழக்கி விடுவாங்க, எனக்கு கத்தி வேலைக்கு ரொம்ப உதவினது அந்தப் பயிற்சி தான்.

லென்ஸ் விஷயத்துல நிறைய பேர் பவர் அதிகமா இருந்தா நல்லதுன்னு நினைக்கறாங்க. லென்ஸ் பவர டயாப்டர்னு சொல்லுவாங்க, 20 டயாப்டர் லென்ஸ் 5 மடங்கு காட்டும், ஆனா பொருள் 5 சென்டிமீட்டர் தூரத்துல இருக்கணும், அந்த இடுக்குல கையும் கட்டரும் எங்க போகும்? 5 டயாப்டர்னா 20 சென்டிமீட்டர் கிடைக்கும், தாராளமா வேலை செய்யலாம். டேபிள் ஓரத்துல கிளாம்ப் போட்டு மாட்டற லைட் வச்ச லென்ஸ் அந்த பவர்ல வாங்குங்க. நம்பர் படிக்க, கோடு எங்க முடியுதுன்னு பாக்க போன் கேமராவ ஸ்டாண்டுல மாட்டி ஜூம் பண்ணிக்கலாம், ஆனா ஸ்கிரீன பாத்துக்கிட்டே வெட்டாதீங்க, படம் துளி லேட்டா வரும், விரலுக்கு ஆபத்து. வெளிச்சம் கத்தி பிடிக்கற கைக்கு எதிர்ப்பக்கத்துலருந்து வரட்டும், அப்ப தான் கை நிழல் கோட்டு மேல விழாது. பளபளா பேப்பர் வேண்டவே வேண்டாம், பளபளப்பு இல்லாத மேட் பேப்பர் தான். வெட்டும்போது அடில விரிக்கற கட்டிங் மேட்டும் பார்ட்ஸ் போடற தட்டும் கருப்பா இருந்தா வெள்ளைப் பேப்பர் பளிச்சுன்னு தெரியும், தட்டுக்கு விளிம்பு இருக்கணும், பார்ட் தரைல உருண்டு போனா நம்மால தேட முடியாது.

இப்ப வேலைக்கு வருவோம். பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடியே இங்க்ஸ்கேப்ல பிடிஎஃப திறந்து வெட்டற கோட்டை எல்லாம் தடிமனாக்கிடுங்க, அது இலவச சாஃப்ட்வேர், சில ஃபைல்ல மட்டும் கோடு படமா இருக்கும், அப்ப முடியாது, ஸ்கெட்ச் பேனா தான். வெட்டறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு பார்ட் பின்னாலயும் பெரிய எழுத்துல நம்பர் போட்டுடுங்க. அடுத்து மடிப்புக் கோடு, இதுலருந்து கண்ணு வேலை குறைஞ்சு விரல் வேலை ஆரம்பிக்கும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவ ஸ்டீல் ஸ்கேல் ஓரமா வச்சு அழுத்தி இழுத்தா பேப்பர்ல பள்ளம் விழும், பின்னால திருப்பி கட்டைவிரல ஓட்டினா மெல்லிசா ஒரு வரப்பு தட்டுப்படும், அது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லலாம். உள்பக்கமா மடிக்கற கோடா இருந்தா பேப்பருக்குப் பின்னால தான் கீறணும், அங்க கோடே அச்சாகியிருக்காது, அதுக்கு கோட்டோட ரெண்டு முனைலயும் குண்டூசியால ஒரு குத்து, பின்பக்கம் ரெண்டு சின்ன மேடு வரும், விரலால தொட்டு ஸ்கேல அது மேல வச்சு கீறிடலாம். இந்த ஒரு விஷயத்த மட்டும் பழகிட்டீங்கன்னா பாதி மாடலிங் கைக்கு வந்துடும், நிஜமா சொல்றேன்.

எல்லா கீறலும் வெட்டறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும். வெட்டின சின்ன துண்டுல ஸ்கேல் நிக்காது. நேர்கோட்டுக்கு கட்டர், ஸ்கேலுக்கு அடில உப்புத்தாள் கீத்து ஒட்டிக்கிட்டா வழுக்காது, நடுவுல மேடு வச்ச ஸ்கேல் கிடைச்சா விரல் அந்தப் பக்கம் பத்திரமா இருக்கும். வளைவுக்கு கத்தரிக்கோல், கத்தரி அசையாம இருக்க பேப்பர தான் சுத்தணும்.

ஒட்டறதுக்கு வெள்ளை ஃபெவிகால் தான். வெள்ளைப் பேப்பர்ல வெள்ளைப் பசை எங்க இருக்குன்னு நமக்கு தெரியாது, அதனால பல்குச்சில எடுத்து மடிப்புல தடவிட்டு விரல் நுனியால ஒரு தடவை இழுத்து விட்டுடுங்க, ஈரம் எங்க இருக்கு எங்க இல்லன்னு விரல் சொல்லிடும். அரை நிமிஷம் விட்டா லேசா பிசுபிசுன்னு பிடிக்க ஆரம்பிக்கும், அப்ப சேத்தா நகராது. பெட்டி மாதிரி பார்ட்டுக்கு உள்ள ஒரு சின்ன காந்தம் வெளிய ஒரு காந்தம் வச்சா காயற வரைக்கும் அதுவே பிடிச்சுக்கும், மூடற பக்கத்த மட்டும் கடைசிக்கு வச்சுக்கோங்க.

எந்த மாடல்லருந்து ஆரம்பிக்கலாம்னா, கட்டடம், விலங்குத் தலை மாதிரி பெரிய பெரிய தட்டையான முகங்கள் இருக்கற லோ பாலி டிசைன். கேனான் கம்பெனியோட கிரியேட்டிவ் பார்க் தளத்துல நிறைய இலவசமா இருக்கு, நாசாவும் விண்கலங்களுக்கு பேப்பர் மாடல் போட்டிருக்காங்க. பெபாகுரான்னு பேப்பர் மாடலுக்குன்னே ஒரு ஜப்பான் சாஃப்ட்வேர் இருக்கு, அந்த ஃபைலா கிடைச்சா இன்னும் நல்லது, தட்டைப் படத்துல ஒரு பார்ட்ட கிளிக் பண்ணா முழு மாடல்ல அது எங்க வருதுன்னு காட்டும், வேணுங்கற அளவுக்கு ஜூம் பண்ணி சுத்திப் பாக்கலாம். பொடி எழுத்து அசெம்பிளி படத்தோட மல்லுக்கட்ட வேண்டியதில்ல. போலந்துல இது பெரிய கலை, மாவி மோடெலாஷ்னு ஒரு பத்திரிகை 1957லயே ஆரம்பிச்சிருக்காங்க, அங்க விமான மாடல் எல்லாம் பெரும்பாலும் 1:33 அளவு, அதாவது நிஜ விமானத்தோட நீளத்துல 33ல ஒரு பங்கு, ஏ3ல அடிச்சா கிட்டத்தட்ட 1:23 ஆகும், அப்பவும் உள்ள மீட்டர் போர்டு, சக்கரம்னு பொடிப்பொடியா வரும். பாக்க அவ்வளவு அழகு, ஆனா கை நல்லா பழகின பிறகு தொடுங்க.

வீட்டுல கண்டிப்பா சொல்லுவாங்க, இருக்கற கண்ணையும் கெடுத்துக்காதேன்னு. எங்கம்மாவும் சொன்னாங்க. கிட்டத்துல வச்சு உத்துப் பாக்கறதால விழித்திரை வியாதி அதிகமாகாது, கண்ணு களைச்சு போகும், தலை வலிக்கும், கழுத்து பிடிக்கும், அவ்வளவு தான். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து தூரமா பாருங்க, சாய்வு பலகை போட்டு வேலைய முகத்துக்கு பக்கத்துல கொண்டு வாங்க, குனியாதீங்க. திடீர்னு மின்னல் மாதிரி வெளிச்சமோ புதுசா கருப்புப் புள்ளிகளோ தெரிஞ்சா அது ஹாபியோட சம்பந்தப்பட்டது இல்ல, அன்னைக்கே டாக்டர்ட்ட போகணும்.

பிளேடு பிடிக்கவே பயமா இருந்தா அதுக்காக ஹாபிய விட வேண்டாம். கட்டிங் பிளாட்டர்னு மெஷின் இருக்கு, வெட்டறது, மடிப்புக் கீறறது ரெண்டையும் அதுவே செஞ்சிடும், மடிச்சு ஒட்டி நிமிர்த்தறது முழுக்க உங்க கை வேலை. சொந்தமா வாங்க விலை ஜாஸ்தி, ஆனா ஸ்டிக்கர் வெட்டிக் குடுக்கற கடைங்கள்ல வச்சிருப்பாங்க, உங்க பேப்பர் கனத்த அது வெட்டுமான்னு கேட்டுட்டு முதல்ல ஒரே ஒரு ஷீட் மட்டும் குடுத்துப் பாருங்க.