'பாஸ்டு' என்று வந்தால் போதுமா? வன்தட்டு நலம்: கேள்வி-பதில்

லினக்ஸ் டெர்மினலிலிருந்து (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) வன்தட்டை, அதாவது ஹார்டு டிஸ்க்கைக் கண்காணிப்பது பற்றி மலைப்பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாப் பதில்களும், வன்தட்டு தன் நலத்தைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் அளவுகளைப் படிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பைச் சார்ந்தவை. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியுள்ளேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும் என்பதால் அவற்றைத் தனியே சுட்டியிருக்கிறேன்.

குன்னூர்: பசுந்தேயிலைக் கொள்முதல் கணக்கு உள்ள கணினியில் சில கோப்புகள் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது. அந்தத் தொகுப்பின் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையோ 'பாஸ்டு' (தேறியது) என்கிறது. எதை நம்புவது?

கோப்பு திறக்கும் தாமதத்தையே நம்புங்கள். பெரிய எழுத்து '-எச்' தரும் விடை, தயாரிப்பாளர் வகுத்த எல்லையை ஏதேனும் ஓர் அளவு தாண்டிவிட்டதா என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த எல்லை பெரும்பாலும் மிகத் தளர்வானது. பெரிய எழுத்து '-ஏ' கொடுத்து, வரும் அட்டவணையில் 5, 197, 198 ஆகிய வரிசைகளின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். 5 என்பது பழுதாகி மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களின் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் போய், இன்னும் முடிவு செய்யப்படாமல் நிற்பவை. அங்கே 0 அல்லாத எண் இருந்தால், வன்தட்டு அந்த இடத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயல்கிறது என்று பொருள். உங்கள் ஒரு நிமிடம் அங்கேதான் போகிறது. 198 என்பது வன்தட்டு தன்னைத்தானே சோதித்தபோது படிக்க முடியாமல் போனவை.

சென்ற மழைக்காலத்தில் என்னிடம் வந்த ஒரு வன்தட்டில் 197ஆம் வரிசை காலையில் 8 என்றும் மாலையில் 40 என்றும் காட்டியது. 'பாஸ்டு' மட்டும் கடைசி வரை மாறவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை (வன்தட்டு பின்னணியில் தன் பரப்பைச் சோதிக்கும்போது காணும் பிழை) தோன்றிய வன்தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையில்லாதவற்றைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஆகவே பழுது பார்க்கும் கட்டளை எதையும் இப்போது ஓட்டாதீர்கள். முதலில், பழுதான வன்தட்டிலிருந்து தரவை மீட்டெடுக்கும் டிடிரெஸ்கியூ என்ற கருவி கொண்டு வேறு தட்டுக்கு நகலெடுங்கள். செயலிழந்த வன்தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. எண்கள் சுத்தமாக இருந்தாலும் நகல் கட்டாயம் தேவை.

கோத்தகிரி: பள்ளி சர்வரில் இதைத் தானாக நடக்கும்படி செய்ய முடியுமா?

முடியும், அதற்காகவே ஸ்மார்ட்-டி என்ற பின்னணிச் சேவை இருக்கிறது. இயல்பாக 1,800 நொடிகளுக்கு ஒருமுறை அது வன்தட்டைச் சோதிக்கும். ஈடிசி கோப்புறையிலுள்ள ஸ்மார்ட்-டி.கான்ஃப் கோப்பில் 'டிவைஸ்ஸ்கேன்' எனத் தொடங்கும் வரி இருக்கும். அதற்குக் கீழே எழுதும் எதையும் சேவை படிக்காது என்பதை அறியாமல் பலர் மணிக்கணக்கில் திண்டாடுகிறார்கள். அந்த வரியிலேயே சிறிய '-ஏ', சிறிய '-எம்' அடுத்து உங்கள் மின்னஞ்சல் முகவரி, பெரிய '-எம்' அடுத்து 'டெஸ்ட்', சிறிய '-எஸ்' அடுத்து கால அட்டவணை ஆகியவற்றைச் சேருங்கள். அட்டவணை (எஸ்/../.././02|எல்/../../6/03) என்று இருந்தால், நாள்தோறும் இரவு 2 மணிக்குக் குறுஞ்சோதனையும் சனிக்கிழமை 3 மணிக்கு முழுச்சோதனையும் நடக்கும், இங்கே எஸ், எல் இரண்டும் பெரிய எழுத்துகள். சோதனை தரவை அழிக்காது. மழையில் மரம் விழுந்து மின்சாரம் போனால் மட்டும் பாதியில் நின்றுவிடும். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் சிறிய '-எல்' அடுத்து 'செல்ஃப்டெஸ்ட்' கொடுத்து முடிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'டெஸ்ட்' என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம். அது இருந்தால் சேவை தொடங்கியதும் ஒரு மாதிரி அஞ்சல் வரும். வந்து சேர்ந்த பிறகு நீக்கிவிடலாம். பல அமைப்புகளில் எச்சரிக்கை ரூட் (நிர்வாகி) பயனரின் அஞ்சல் பெட்டிக்குப் போகும்படியே விடப்பட்டிருக்கிறது. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அஞ்சல் வரவில்லையென்றால், அனுப்பும் மென்பொருள் சர்வரில் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கொடைக்கானல்: ஸ்டுடியோவின் யுஎஸ்பி வன்தட்டைக் கட்டளை அடையாளம் காணவில்லை.

சிறிய '-டி' அடுத்து 'சாட்' சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான யுஎஸ்பி பெட்டிகளுக்கு இது போதும். சில மலிவான பெட்டிகள் இந்தத் தகவலைக் கடத்துவதே இல்லை.

ஊட்டி: இங்குள்ள உயரமும் உறைபனியும் வன்தட்டைக் கெடுக்குமா?

படிக்கும் முனை காற்றுப் படலத்தின் மேல் மிதப்பதால் உயரம் பொருட்படுத்த வேண்டியதே. ஆனால் பெரும்பாலான வன்தட்டுகளின் வரம்பு சுமார் 3,048 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். குளிரில் கவனம் தேவை. இயங்கும் வெப்பநிலையின் கீழ்வரம்பு வழக்கமாக 0 அல்லது 5 டிகிரி செல்சியஸ். ஸ்மார்ட்-டி சேவையைச் சூட்டுக்கு எச்சரிக்கும்படி அமைக்கலாமே தவிர குளிருக்கு அது எச்சரிக்காது. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் சிறிய '-எல்' அடுத்து 'எஸ்சிடிடெம்ப்' கொடுத்தால், அதை ஆதரிக்கும் வன்தட்டு தன் வாழ்நாளில் கண்ட மிகக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும். குளிரில் கிடந்த வன்தட்டை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்தால் அதன்மேல் நீர் பூக்கும். சில மணி நேரம் பையிலேயே வைத்திருந்து, பிறகு மின்சாரம் கொடுங்கள்.

கூடலூர்: 199ஆம் வரிசையில் 312 இருந்தது. சாட்டா கேபிளை மாற்றியும் எண் குறையவில்லை.

அது குறையாது, தொடக்கத்திலிருந்து சேரும் கூட்டுத்தொகை அது. வன்தட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு சிதைந்த தடவைகளையே எண்ணுகிறது. இன்றைய எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த மாதமும் 312 ஆகவே நின்றால் பழைய கேபிள்தான் காரணம், வன்தட்டை மாற்ற வேண்டியதில்லை.