நீர்ச் சமநிலைக் கணக்கில் மீதி 70 மி.மீ. எங்கே?

ஒரு வடிநிலத்தில் (மழைநீர் ஒரே ஆற்றுக்கு வடியும் நிலப்பரப்பு) ஒரு மாதம் பெய்த மழையிலிருந்து வெளியேறிய நீரைக் கழித்தால் 70 மி.மீ. மிஞ்சுகிறது, அது எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 70 மி.மீ. பெரும்பாலும் வடிநிலத்துக்குள்ளேயேதான் இருக்கும். மழை 180, ஆற்றில் போனது 40, ஆவியானது 70 என்று போட்டிருக்கிறீர்கள். நான்காவதாகச் சேமிப்பில் வந்த மாற்றத்தையும் சேர்க்க வேண்டும்: மண் ஈரம், நிலத்தடி நீர், குளங்கள்.

'நீர்ச்சுழற்சி மூடிய அமைப்புதானே, கணக்கு நேராக வேண்டாமா?' என்கிறீர்களே, குழப்பம் அங்கேதான் என்று நினைக்கிறேன். மூடியது, அதாவது உள்ளே வரவோ வெளியே போகவோ வழியில்லை என்பது, பூமி முழுவதற்கும் பொருந்தும், அதுவும் நீருக்கு மட்டும். வெயில் வெளியிலிருந்துதான் வருகிறது. ஒரு வடிநிலம் திறந்த அமைப்பு. நீங்கள் எடுத்தது கோடை முடிந்த முதல் மழை மாதம் வேறு. காய்ந்த மண்ணே பெரும்பங்கைக் குடித்துவிடும்.

சரிபார்க்க, ஒரு கோடை முடிவிலிருந்து அடுத்த கோடை முடிவு வரை 12 மாதங்களைக் கூட்டிப் பாருங்கள். மீதி வெகுவாகக் குறைய வேண்டும். மழையில்லா மாதங்களில் அது மைனஸில் வரும். அப்போதும் ஆறு ஓடுவது இந்தச் சேமிப்பை வைத்துத்தான்.

அப்படியும் பெரிதாக மிஞ்சினால் ஆவியாதல் எண்ணைச் சந்தேகியுங்கள். அது பெரும்பாலும் அளந்ததல்ல, மதிப்பீடு. அப்புறம், சுண்ணாம்புப் பாறைப் பகுதியென்றால் நீர் நிலத்தடி வழியாகப் பக்கத்து வடிநிலத்துக்கே போய்விடலாம்.