எம்8 மரைக்கு எந்த டிரில்?

கேள்வி: 10 மி.மீ. இரும்புத் தகட்டில் எம்8 மரை (8 மி.மீ. போல்ட் திருகும் மரை) போட 6.5 மி.மீ. டிரில்லால் துளையிட்டேன். மரை வெட்டும் கருவியான டேப் பாதியிலேயே இறுகி, உடைந்துவிட்டது. துளையைப் பெரிதாக்கினால் மரை பலவீனமாகிவிடாதா?

பதில்: ஆகாது. துளை சிறியதாக இருந்தால் மரை பலமாக இருக்கும் என்ற எண்ணம்தான் நிறைய டேப்களைத் தின்கிறது. உங்கள் டேப்பின் தண்டில் எம்8 × 1.25 என்று பொறித்திருக்கும். 8 என்பது போல்ட்டின் விட்டம், 1.25 என்பது பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையிலான தூரம், இரண்டும் மி.மீ.-இல். 8-இலிருந்து 1.25-ஐக் கழியுங்கள், 6.75 வரும். அதற்கு ஒட்டிக் கிடைக்கும் டிரில் 6.8. அதே கணக்கில் எம்6-க்கு 5, எம்10-க்கு 8.5. நுண்மரை (நெருக்கமான மரை) என்றால் பிட்ச் மாறும், எம்8 × 1-க்கு 7 வேண்டும். ஆகவே எம்8 என்பதை மட்டும் பார்த்து டிரில் எடுக்காதீர்கள்.

6.8-இல் மரையின் முழு உயரத்தில் ஏறத்தாழ 74 சதவீதம் கிடைக்கும். 6.5-இல் அது 92 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 75 சதவீத மரையை 100 ஆக்கினாலும் பலம் கூடுவது சுமார் 5 சதவீதம்தான். டேப்பைச் சுழற்றத் தேவைப்படும் விசையோ கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. உங்கள் தகட்டின் தடிமன் போல்ட்டின் விட்டத்தைவிட அதிகம். அளவுக்கு மீறி முறுக்கினால் முதலில் போல்ட்தான் அறுபடும், மரை போகாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் நான் இன்னும் தாராளமாக 6.9 போடுவேன். அது வெட்ட வெட்ட இறுகும் உலோகம், எண்ணெயும் நிறைய வேண்டும். மெல்லிய தகட்டில் மட்டும் இந்தத் தாராளம் கூடாது. 3 மி.மீ. தகட்டில் இரண்டு சுற்று மரைதான் நிற்கும், அங்கே 6.8-ஐத் தாண்டாதீர்கள்.

அப்புறம் டிரில்லின் முனை. கையால் சாணை பிடித்ததில் ஒரு பக்க விளிம்பு நீண்டுவிட்டால் 6.8 டிரில் 7-க்கு மேல் கூடத் துளைக்கும். வேண்டாத துண்டு ஒன்றில் ஒரு துளை போட்டு, வெர்னியரால் அளந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள எம்6 டேப்பில் வெட்டும் பள்ளங்களே இல்லை. அதற்கும் 5 மி.மீ. துளைதானா?

பதில்: இல்லை, 5.5. அது ஃபார்ம் டேப். உலோகத்தை வெட்டாது, அழுத்திப் பிதுக்கித்தான் மரையை எழுப்பும். அதனால் பிட்சில் பாதியை மட்டும் கழிக்க வேண்டும். 5-இல் விட்டால் நிச்சயம் சிக்கும். அலுமினியத்தில் அருமையாக வரும். வார்ப்பிரும்பில் போடாதீர்கள், அது பிதுங்காமல் பொடிந்துவிடும்.