தாய்க்கு வந்த விழித்திரைப் பாதிப்பு பிள்ளைக்கும் வருமா?

தாயாருக்கு நீரிழிவால் பார்வை மங்கிவிட்டதாகவும், சர்க்கரை நோய் உள்ள உங்களுக்கும் அதே நிலை வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அச்சத்துக்கு அடிப்படை உண்டு. தென்னிந்திய நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்களின் உடன்பிறந்தோருக்கும் நீரிழிவு இருந்தால், அவர்களுக்கு அப்பாதிப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுதலாக இருப்பது தெரியவந்தது.

ஆனால் இதற்கு ஒற்றை மரபணுவைக் கைகாட்ட முடியாது. குளுக்கோஸைச் சார்பிட்டால் என்னும் சர்க்கரை வகைப் பொருளாக மாற்றும் ஆல்டோஸ் ரிடக்டேஸ் நொதிக்கான மரபணுவிலும், புதிய இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்யும் வி.இ.ஜி.எஃப். புரதத்துக்கான மரபணுவிலும் காணப்படும் சிறு மாறுபாடுகள் நிறைய ஆராயப்பட்டிருந்தாலும், ஒவ்வொன்றின் பங்கும் சிறியதே. ஓர் இனத்தாரிடம் கண்ட தொடர்பு மற்றோர் இனத்தாரிடம் பல நேரங்களில் தென்படுவதில்லை. ஆகவே மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்து 1993-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியது இப்பாதிப்பு புதிதாகத் தோன்றும் அபாயத்தை 76 சதவீதம் குறைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை சொட்டுமருந்து இட்டுக் கண்மணியை விரித்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நுண்குழாய்களின் வீக்கம், பார்வை தெளிவாக இருக்கும் காலத்திலேயே, விழித்திரையில் குண்டூசி முனை போன்ற சிவப்புப் புள்ளிகளாக மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.