அம்மாவுக்கு மருத்துவக் கஞ்சா அட்டை எடுக்கலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். அண்ணன் அமெரிக்கக் குடிமகன். அவர் மூலம் கிரீன் கார்டு கிடைத்து அம்மா இரண்டு வருடமாக எங்களோடு இருக்கிறார். வயது 67. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ நடக்கிறது. குமட்டல் அடங்கவில்லை, சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், பாதம் எரிகிறது என்கிறார். மாநிலத்தின் மருத்துவக் கஞ்சா திட்டத்தில் சேரச் சொல்கிறார் என் சக ஊழியர். எப்படிச் சேர்வது? ஏதாவது ஆபத்து உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரி, சாப்பிடாமல் படுத்திருக்கும் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள் என்பது புரிகிறது. சேரும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் பெரிய கஷ்டம் இல்லை.

2016-இல் சட்டமாகி, 2018 பிப்ரவரியில் விற்பனை தொடங்கிய திட்டம் இது. மாநில சுகாதாரத் துறை நடத்துகிறது. தகுதியான நோய்களின் பட்டியலில் புற்றுநோயும் உண்டு, நரம்புப் பாதிப்பும் உண்டு. துறையின் இணையதளத்தில் அம்மா பெயரில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு பென்சில்வேனியா ஓட்டுநர் உரிமமோ, மாநில அடையாள அட்டையோ கட்டாயம். நம்மவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். அப்பா பெயரோ கணவர் பெயரோ கடைசிப் பெயராகியிருக்கும், இல்லையென்றால் இனிஷியல் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். அடையாள அட்டையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, பெயரையும் முகவரியையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். நீங்களாகத் திருத்த வேண்டாம்.

அடுத்து டாக்டர். இதற்கென நான்கு மணி நேரப் பயிற்சி முடித்து, துறையில் பதிவு செய்தவர்கள்தான் சான்று தர முடியும். வீடியோவிலும் பார்க்கிறார்கள். அவர்கள் கட்டணத்தை இன்சூரன்ஸ் தராது. மாநில அனுமதி பெற்ற கஞ்சாக் கடையில் வாங்கும் மருந்துக்கும் தராது. சான்று பதிவானதும் மறுபடி இணையதளத்துக்குள் போய் 50 டாலர் கட்டினால் அட்டை தபாலில் வரும். மெடிக்கெய்ட் போன்ற அரசு உதவி பெறுபவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. சான்று அதிகபட்சம் ஓராண்டுக்குத்தான். எண்ணெய், மாத்திரை, நாக்கடித் துளிகள், களிம்பு, ஆவியாக இழுக்கும் உலர்ந்த இலை ஆகியவை கிடைக்கும். புகைக்க அனுமதி இல்லை. அம்மாவால் கடைக்குப் போக முடியாவிட்டால் 21 வயது நிரம்பிய ஒருவர் ‘கேர்கிவர்’, அதாவது அவர் சார்பில் வாங்கித் தருபவர், ஆகப் பதிவு செய்யலாம். அவருக்குக் கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணி பார்ப்பார்கள்.

சரி, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் கேட்ட ஆபத்து உடம்பில் மட்டும் இல்லை. மாநில அட்டை மாநிலச் சட்டத்துக்குத்தான் செல்லும். குடியேற்றம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. மாநிலம் அனுமதித்திருந்தாலும், மத்திய சட்டத்தை மீறிக் கஞ்சா வைத்திருந்தால் குடியுரிமைக்கு வேண்டிய ‘நன்னடத்தை’ இல்லை என்று முடிவெடுக்கலாம் என 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நேர்காணலிலோ விமான நிலையத்திலோ நாமே ஒப்புக்கொண்டால் போதும், சிக்கலாகலாம். அம்மா நாளைக்குக் குடியுரிமை கேட்பார், ஊருக்குப் போய்த் திரும்புவார். நீங்களோ இன்னும் விசாவில் இருக்கிறீர்கள். அம்மாவுக்காக நீங்கள் கேர்கிவராகப் பதிவு செய்து, கடைக்குப் போய் வாங்கிவருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பொறுப்பு தேவைப்பட்டால் உங்கள் அண்ணன் எடுக்கட்டும். எதற்கும் பதிவைத் தொடங்கும் முன்பே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். விசா, கிரீன் கார்டு பற்றி டாக்டரோ கடைக்காரரோ உங்களிடம் கேட்கவே மாட்டார்கள் என்பதுதான் என் கவலை.

நல்ல செய்தியும் உண்டு. அம்மாவின் தொல்லைகளுக்கு இந்த அட்டை இல்லாமலே மருந்து இருக்கிறது. குமட்டலுக்கு ஓலன்சபின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் இரவில் கொடுக்கிறோம். பசியையும் கொஞ்சம் தூண்டும். மனநோய்க்கும் தரும் மருந்து என்று டப்பாவில் படித்துவிட்டுப் பயப்படாதீர்கள். அதற்கும் அடங்காவிட்டால் ட்ரோனாபினால் இருக்கிறது. கஞ்சாவில் உள்ள டிஎச்சி என்ற பொருளையே ஆய்வுக்கூடத்தில் செய்து, 1985-இல் கீமோ குமட்டலுக்காக அனுமதி பெற்ற மாத்திரை. புற்றுநோய் டாக்டரே சீட்டு எழுதலாம், சாதாரண மருந்துக் கடையில் வாங்கலாம், மத்திய சட்டத்துக்கும் உட்பட்டது. பாத எரிச்சலை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பாக்லிடாக்ஸல் போன்ற கீமோ மருந்துகள் நரம்பைத் தாக்கும். அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கலாம். வலிக்கு டுலாக்ஸெடின் தரலாமா என்றும் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அட்டை எடுப்பதென்று முடிவானால், தொடக்க அளவு மிகக் குறைவாக இருக்கட்டும்: 2.5 மில்லிகிராம் டிஎச்சி, அதுவும் படுக்கப் போகும்போது. என்னிடம் வரும் ஒரு பெரியவர் துளி மருந்து போட்டு, முக்கால் மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொரு முறை போட்டுக்கொண்டார். வயிற்றுக்குள் போனது வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவர் தலைசுற்றி விழுந்து, புருவத்தில் ஐந்து தையல். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினை அம்மா சாப்பிடுகிறார் என்றால், கஞ்சாவில் உள்ள இன்னொரு பொருளான சிபிடி கலந்த எண்ணெய் இரத்தத்தை இன்னும் நீர்க்கச் செய்யும். டாக்டருக்குத் தெரியாமல் தராதீர்கள். புற்றுநோயையே கஞ்சா குணமாக்கும் என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2024-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மிச்சம் இருக்கும் பாட்டிலைச் சென்னைக்கு எடுத்துப் போகவும் கூடாது. இந்தியாவில் 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் பாயும்.

இன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: கீமோ முடிந்து எத்தனையாவது நாள் குமட்டல் வருகிறது, எத்தனை முறை வாந்தி, இரண்டு இட்லியாவது இறங்கியதா, எரிச்சல் கணுக்காலுக்கு மேல் ஏறுகிறதா. அடுத்த கீமோவுக்கு அந்த நோட்டை எடுத்துப் போங்கள். எடை இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை என்றாலோ, அதுவரை காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள்.