சொந்த டொமைனிலிருந்து அனுப்பும் மெயில் ஸ்பாமுக்குப் போவது ஏன்?

மெயில்பாக்ஸ் திறந்தாச்சு, மெயில் வருகிறது, அனுப்புவது மட்டும் ஜிமெயிலில் ஸ்பாமுக்குப் போகிறது என்கிறீர்கள். சரி, மெயில் வருவதால் எம்எக்ஸ் ரெக்கார்டில் (உங்களுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வரி) கோளாறு இல்லை, அதைத் தொடாதீர்கள். பார்க்க வேண்டியது எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் வரி), டிகேஐஎம் (மெயில் உங்கள் டொமைனுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம்). 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோருக்கும் இவற்றில் ஒன்றாவது கட்டாயம். நீங்கள் இரண்டையும் போட்டுவிடுங்கள்.

டொமைனின் இந்த வரிகளெல்லாம் இருக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் எஸ்பிஎஃப் வரி இரண்டு இருக்கிறதா பாருங்கள். பழைய ஹோஸ்டிங்காரர் போட்டது ஒன்று, புது மெயில் சேவைக்காக நீங்கள் சேர்த்தது ஒன்று என்று இருந்தால் சோதனையே தோற்றுவிடும், ஒரு டொமைனுக்கு ஒரே வரிதான், அதனால் இரண்டையும் ஒன்றாக இணையுங்கள். டிகேஐஎம் சாவியை மெயில் சேவையின் அட்மின் பக்கமே தரும். டிஎன்எஸ்ஸில் ஒட்டிய பிறகு அந்த அட்மின் பக்கத்துக்குத் திரும்பிப் போய் டிகேஐஎம்மை இயக்கவும் வேண்டும், பலர் விடுவது இதைத்தான். அப்புறம் ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, வந்த மெயிலின் மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' திறந்தால் இரண்டுக்கும் நேரே 'பாஸ்' என்று வர வேண்டும்.